முதுமைக்கு வைத்த முதல், யாருடைய ஆட்டத்துக்கு?

“நம்ம பணத்தில் கொழும்பிலே நட்சத்திர ஓட்டல் கட்டினார்களாமே, மெய்தானா தம்பி?”

ஸ்ரீமதுரையில், தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். இளமையில் இலங்கை மலையகத்தில் கொழுந்து சுமந்தவர் அவர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரால், தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கூடலூர் வட்டத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கூடை சுமந்து, இப்போது ஓய்ந்திருப்பவர். அவருடைய தங்கை இன்றும் அட்டன் பக்கத்தில் இருக்கிறார். “நம்ம பணம்” என்று அவர் சொன்னது தங்கையின் பணத்தை; தங்கையைப் போன்ற பல இலட்சம் உழைப்பாளரின் ஊழியர் சேமலாப நிதியை.

“மெய்தான், ஐயா” என்றேன். அதற்கு மேல் அந்தப் பலகையில் அமர்ந்து விளக்க நேரமில்லை, பேருந்து வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். பெரியவர் கேட்ட கேள்வி கொழும்போடு முடிவதன்று. நாளை நம் வாயிற்படியிலும் வந்து நிற்கப் போவது.

தோழர்களே! இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. மழையில் நனைந்து, அட்டை கடித்த கால்களோடு மலையேறிய பெண்ணின் கூலியிலிருந்து துளித்துளியாய்ப் பிடித்துச் சேர்த்த பெருங்குளம் அது. அந்நிதியின் அருமையை அன்றைய ஆட்சியாளரும் உணர்ந்தே இருந்தனர். இந்தியாவுக்கு அனுப்பப்படுவோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுசெல்லலாம் என்று 1964 ஒப்பந்தத்திலேயே தனி வாசகம் எழுதினார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் குடியுரிமையைப் பங்கு போட்டவர்கள்கூட, இந்தப் பணத்தில் கைவைக்க அஞ்சினார்கள் என்று இதற்குப் பொருள்.

பின்னர் வந்தவர்களுக்கு அந்த அச்சம் குறைந்தது. கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் ‘கிராண்ட் ஹயாத்’ என்னும் பெருவிடுதி எழுப்பும் திட்டம் வந்தது. அதற்கென ‘கான்வில் ஹோல்டிங்ஸ்’ என்ற நிறுவனம். பங்குச் சந்தையில் அதன் பங்கு விலை கூறப்படுவதில்லை. வாங்கியவர் வேண்டாமென்றால் விற்பதற்குச் சந்தையும் இல்லை. அரசுக் காப்பீட்டுக் கழகம் பணம் போட்டது. அரசின் எரிவாயு நிறுவனம் போட்டது. அவற்றோடு சேர்ந்து தொழிலாளரின் சேமலாப நிதியும் 500 கோடி இலங்கை ரூபாய் போட்டது. கட்டடம் வானளாவ எழுந்தது. வருமானம் மட்டும் எழவில்லை. பத்து ஆண்டு சென்று 2023-இல், விற்றுவிட வேண்டிய அரசு உடைமைகளின் பட்டியலில் இலங்கை அமைச்சரவை அந்நிறுவனத்தைச் சேர்த்தபோது, விடுதி விருந்தினருக்குக் கதவு திறந்திருக்கவில்லை.

லயத்து அறையில் கூரை ஒழுகப் படுத்திருப்பவளின் முதுமைப் பணம், ஒருநாளும் அவள் காலடி படாத பளிங்கு மண்டபத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. கொடுமை அதுமட்டுமன்று. அவளைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அவளுக்குச் சொன்னார்களா? ஆண்டறிக்கையின் ஏதோவொரு மூலையில், அவள் படிக்காத மொழியில், ஒரு வரி எழுதினார்கள்.

இதைத்தான் செல்வர் உலகம் ‘பிரைவேட் ஈக்விட்டி’ என்கிறது. தனியார் பங்கு முதலீடு என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்வோம். கொழும்பில் நடந்தது அரசின் கைவழியே நடந்த அதன் ஒரு வடிவம். உலகெங்கும் நடக்கும் முறை இது: சில வல்லுநர் கூடி ஒரு நிதியம் அமைப்பர். பெரும்பணக்காரரிடமும் ஓய்வூதிய வாரியங்களிடமும் பணம் திரட்டுவர். சந்தையில் விலை கூறப்படாத நிறுவனங்களை மொத்தமாகவோ பாதியாகவோ வாங்குவர். பல வேளைகளில் கையிலுள்ள பணம் போதாதென்று, வாங்கப்படும் நிறுவனத்தின் தலையிலேயே கடனை ஏற்றி வாங்குவர். ஐந்தாறு ஆண்டு வைத்திருந்து, செலவைக் குறைத்து, ஆளைக் குறைத்து, சிலவேளை உண்மையாகவே தொழிலைச் சீர்செய்து, பின் அதிக விலைக்கு விற்பர். நிதியத்தின் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டு. இடையில் பணம் கேட்க முடியாது. நடத்துவோருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 கூலி. இலாபம் ஒரு வரம்பைத் தாண்டினால் அதில் நூற்றுக்கு 20 பங்கு. இது அத்தொழிலின் நெடுநாள் வழக்கம். முதல் ஐந்து ஆண்டில் மட்டும், விளைந்தாலும் விளையாவிட்டாலும், நூறு ரூபாயில் பத்து ரூபாய் மேற்பார்வைக் கூலியாகப் போய்விடும். நம் ஊரில் எந்தக் குத்தகைதாரனும் வயலின் உரிமையாளரிடம் இப்படி ஒரு உடன்படிக்கை எழுதி வாங்கியதில்லை.

இந்தியாவில் இதன் கதவு திறந்துதான் இருக்கிறது; இன்னும் அகலத் திறக்கப்படவில்லை, அவ்வளவே. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தனியார் துறையினருக்கு ‘ஏ’ என்றொரு வகுப்பு வைத்து, இத்தகைய மாற்று முதலீடுகளுக்கு நூற்றுக்கு 5 வரை இடம் கொடுத்தார்கள். அந்த வகுப்பைத் தனியே நடத்தாமல் மற்ற வகுப்புகளோடு இணைக்க ஆணையம் 2025-இல் முடிவு செய்தது. 2021 மார்ச்சில் நடுவண் நிதி அமைச்சகம், அரசு சாரா வைப்பு நிதிகளும் பணிக்கொடை நிதிகளும் புதிதாக முதலிடும் தொகையில் நூற்றுக்கு 5 வரை மாற்று முதலீட்டு நிதியங்களில் போடலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. கடல் கடந்தும் இதே காற்றுத்தான் வீசுகிறது. 2025 ஆகஸ்டு 7-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப், உழைப்பாளரின் தனிக் கணக்கு ஓய்வூதியப் பணத்துக்குத் தனியார் பங்கு முதலீட்டின் வாயிலைத் திறக்க வழிகாணுமாறு ஆணை பிறப்பித்தார். “செல்வருக்கு மட்டுமே கிட்டிய வாய்ப்பை ஏழைக்கும் தருகிறோம்” என்பது அவர்கள் பேச்சு.

அந்தப் பேச்சைச் சற்று உரசிப் பார்ப்போம். நம் நாட்டுப் பங்கு பரிவர்த்தனை வாரியம் 2012-இல் மாற்று முதலீட்டு நிதியங்களுக்கு விதி வகுத்தபோது, தனி ஒருவர் சேர வேண்டுமானால் பொதுவாக ஒரு கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. ஏன் அவ்விதி? ஒரு கோடி போடக் கூடியவன் அதை இழந்தாலும் அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைய மாட்டான், கணக்கறிந்தவரை அமர்த்திக் கேட்டுக்கொள்வான், பத்தாண்டு காத்திருப்பான். ஏழையை ஒதுக்கி வைக்கப் போட்ட வேலி என்று அதைச் சொல்வது தவறு. அவனைக் காக்கப் போட்ட வேலி அது. முன்வாசலில், “ஒரு கோடி இல்லாதவன் உள்ளே வராதே, உனக்கு ஆபத்து” என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். புறவாசல் வழியே, மாதம் ஆயிரம் ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கு உரியவனின் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014 செப்டம்பர் முதல் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நிற்பதை நம் தோட்டங்களில் ஓய்வு பெற்ற யாரும் அறிவர். அந்த ஆயிரத்தை உயர்த்த வழி கேட்டால் கருவூலம் காலி என்கிறார்கள். முதலீட்டு வாய்ப்பில் மட்டும் சமத்துவம் பேசுகிறார்கள்!

எதிர்வாதம் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. “மிளகுக் கொடியை இன்று நட்டால் நாளையே காய்க்குமா? சில்வர் ஓக் மரத்தில் ஏற்றி மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கிறாய் அல்லவா? இருபத்தைந்து வயதுத் தொழிலாளியின் பணம் முப்பத்து மூன்று ஆண்டு தூங்கப் போகிறது. பத்தாண்டு பூட்டினால் என்ன கெட்டது?” என்பர். நல்ல கேள்வி. ஸ்ரீமதுரையின் விவசாயி இதற்கு எளிதில் மறுமொழி சொல்வான். மிளகு நடுகிறவன் மிளகை மட்டும் நடுவதில்லை. நெல் வைத்திருக்கிறான், இஞ்சி வைத்திருக்கிறான், ஒரு மூலையில் தேயிலை, தொழுவத்தில் மாடு. கொடி காய்க்கும்வரை மற்றவை சோறு போடும். மேலும், கொடி எப்படி இருக்கிறது என்பதை அவன் நாள்தோறும் கண்ணால் பார்க்கிறான். யானை புகுந்ததா, வாடல் நோய் வந்ததா என்று யாரும் அறிக்கை எழுதி அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பார்வைதான் தனியார் பங்கு முதலீட்டில் இல்லை. சந்தையில் உள்ள பங்குக்கு ஒவ்வொரு நாளும் விலை உண்டு. ஏறும், இறங்கும், வயிற்றைக் கலக்கும். ஆனால் தெரியும். சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கு, மதிப்பீட்டாளர் அவ்வப்போது ஒரு தொகை எழுதுகிறார். நேர்மையாளராகவே இருக்கட்டும், அவர் எழுதுவது மதிப்பீடே தவிர விலை ஆகாது. கொடுக்க ஒருவன் முன்வரும்போதுதான் விலை பிறக்கிறது. “எங்கள் முதலீடு சந்தையைப் போல் ஆடுவதில்லை, அமைதியாக இருக்கிறது” என்று பெருமை பேசுவோர் உண்டு. காய்ச்சல் பார்க்காதவன், காய்ச்சலே இல்லை என்பது போன்ற பெருமை அது.

இப்பாடத்தை இந்நாடு ஒருமுறை பெருவிலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1964-இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய ‘யூ.எஸ்.64’ திட்டத்தை நம் தந்தையர் அறிவர். ஓய்வு பெற்ற ஆசிரியர், அஞ்சல் ஊழியர், கைம்பெண், எல்லாரும் அதில் பணம் போட்டனர். அது அசையாத மலை என்று நம்பினர். ஏன் அசையவில்லை? உள்ளிருந்த சொத்தின் சந்தை மதிப்பைப் பாராமல், டிரஸ்டே ஒரு விலையைத் தீர்மானித்து அறிவித்து வந்தது. உள்ளே ஓட்டை விழுந்தபோதும் வெளியே விலை ஏறிக்கொண்டிருந்தது. விவரம் அறிந்த பெருநிறுவனங்கள் காலத்தில் எடுத்துக்கொண்டு வெளியேறின. 2001 சூலை 2 அன்று, இனி ஆறு மாதம் யாரும் பணம் கேட்காதீர் என்று கதவடைத்தார்கள். அவ்வாண்டு முடிவில் உண்மைக் கணக்கு வெளிவந்தபோது, பத்து ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டின் சொத்து மதிப்பு ஆறு ரூபாய்க்கும் கீழே நின்றது. அறிவிக்கப்பட்ட விலைக்கும் கிடைக்கக் கூடிய விலைக்கும் இடையேயான அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் யார்? செய்தித்தாளின் வணிகப் பக்கத்தைப் புரட்டாதவர்கள்.

காலம் என்பதும் ஏழைக்கு ஒரு விலை. 2020 ஏப்ரல் 23-இல் பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை மூடியது. ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பின்னர் சில ஆண்டுகளில் அப்பணம் முழுதும், அதற்கு மேலும்கூட, முதலிட்டோருக்கு வந்து சேர்ந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொரோனாக் காலத்தில் மருத்துவமனை வாசலில் நின்ற முதியவருக்கு, “மூன்றாண்டில் முழுதும் வரும்” என்ற ஆறுதல் எதற்கு உதவியிருக்கும்? சந்தையில் விற்கக் கூடிய பத்திரங்களைக் கொண்டிருந்த திட்டங்களுக்கே இக்கதி என்றால், விற்கவே சந்தையில்லாத பங்கின் கதி என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

“கனடாவைப் பார்” என்பது அடுத்த வாதம். பார்ப்போம். அந்நாட்டு ஓய்வூதிய வாரியங்கள் தனியார் பங்கு முதலீட்டில் பெரும்பணம் வைத்திருக்கின்றன. பல ஆண்டுகள் நல்ல வருவாயும் கண்டன. அங்கும் சறுக்கல் உண்டு. ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதி ‘எஃப்.டி.எக்ஸ்’ என்னும் மின்னாணயச் சூதாட்டக் கூடத்தில் 9.5 கோடி டாலர் போட்டு, 2022-இல் ஒரு காசும் தேறாமல் எழுதித் தள்ளியது. ஆனால் கவனியுங்கள்: அதனால் எந்த ஆசிரியரின் மாத ஓய்வூதியமும் குறையவில்லை. ஏனென்றால் அங்கே ஓய்வூதியம் இவ்வளவு என்பது வாக்குறுதி. முதலீடு தோற்றால் ஈடுசெய்ய வேண்டியது நிதியும், அதன் பின்நிற்கும் அரசும் சந்தா செலுத்தும் ஆசிரியர்களும் கூட்டாக. தம்மிடமே நூற்றுக்கணக்கான வல்லுநரை வைத்து, தரகுக் கூலியைக் குறைத்து, ஒருவர் இருவர் விழுந்தாலும் தாங்கக் கூடிய பெருங்குளமாய் நிற்கிறார்கள். வெள்ளம் வந்தால் ஏரி தாங்கும். தனித்தனிக் குடத்தில் ஊற்றினால் குடம் உடையும். இங்கே வாக்குறுதியை எடுத்துவிட்டு, “உன் கணக்கு உன் பாடு” என்று தனித்தனிக் குடத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கனடாவின் ஏரியைக் காட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று உண்டு, தொழிற்சங்கத் தோழர்கள் இதனைச் சற்று நின்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் ‘டாய்ஸ் ஆர் அஸ்’ என்று பெரும்பெயர் பெற்ற பொம்மைக் கடை நிறுவனம். 2005-இல் தனியார் பங்கு முதலீட்டார் 660 கோடி டாலருக்கு அதனை வாங்கினர். பெரும்பகுதி கடன், அக்கடன் கடையின் தலையில். ஈட்டியதெல்லாம் வட்டிக்கே போக, 2017-இல் கடனிறுக்க முடியாமல் நீதிமன்றம் ஏறி, 2018-இல் கடைகளை மூடினர். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் வீதிக்கு வந்தனர். அவர்கள் நியாயம் கேட்கப் போன இடங்களில் ஒன்று எது தெரியுமா? ஓய்வூதிய வாரியங்கள்! வாங்கிய நிதியங்களில் ஆசிரியர், அரசு ஊழியர் ஆகியோரின் முதுமைப் பணமும் கலந்திருந்தது. ஒரு தொழிலாளியின் ஓய்வுப் பணம், இன்னொரு தொழிலாளியின் வேலைக்கு வைத்த வெட்டரிவாளாயிற்று. நாளை ஒரு நிதியம் நீலகிரியின் தோட்டமொன்றை வாங்கி, ஆளைக் குறைத்து, மலைச்சரிவை உல்லாச விடுதிக்கு விற்று இலாபம் காணுமானால், அந்த இலாபத்தில் அங்கே கொழுந்து பறித்தவளின் வைப்பு நிதிக்கும் பங்கு இருக்கக் கூடும். அப்பங்கை அவள் வாழ்த்தி வாங்குவாளா?

புதியது எதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்துவோர் அல்லர் நாம். 2015 ஆகஸ்டில் ஊழியர் வருங்கால வைப்பு நிதி, பங்குச் சந்தைக் குறியீட்டைத் தழுவிய நிதிகளில் நூற்றுக்கு 5 போடத் தொடங்கியபோது நம்மிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் அது 15 ஆயிற்று. இதுவரை அது நிதியைக் கெடுக்கவில்லை. வருவாய்க்குத் துணை நின்றது. ஒப்புக்கொள்வோம். ஆனால் அங்கே விலை தெரிகிறது, விற்க முடிகிறது, நடத்தும் கூலி மிகக் குறைவு. இங்கே இம்மூன்றும் இல்லை. அரசுப் பத்திரம் ஒன்றே தெய்வம் என்றும் நான் சொல்லவில்லை. அதே இலங்கையில், 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, சேமலாப நிதியின் அரசுப் பத்திரங்களையே நீண்டகாலப் புதுப் பத்திரங்களாக மாற்றி, பாரத்தை உழைப்பாளர் தோளில் ஏற்றினார்கள். ஆனால் அந்த அநீதி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது, நாடே அறிந்தது, எதிர்க்க முடிந்தது. கொள்ளுப்பிட்டிக் கட்டடத்துக்குள் பணம் போனதை, போன பிறகே அறிந்தோம்.

ஆகவே என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். ஓய்வூதியம் இவ்வளவு என்று உறுதி தந்து, இழப்பைத் தானே ஏற்கும் பெருநிதி, தன் சொந்த வல்லுநரைக் கொண்டு, ஒரு சிறு பங்கை இப்படிப் போடலாம். அதில் தொழிலாளர் பிரதிநிதி ஒவ்வொரு முதலீட்டின் பெயரையும் கூலியையும் பார்க்கும் உரிமை வேண்டும். இழப்பு தொழிலாளியின் கணக்கில் விழும் நிதி எதுவும், நூற்றுக்கு 5 ஆயினும், 1 ஆயினும், இந்த ஆட்டத்துக்குப் போகக் கூடாது. ஓய்வுக்குப் பத்தாண்டே இருப்பவனின் பணம் எக்காரணத்தாலும் போகக் கூடாது.

ஐந்துதானே என்பாரும் உண்டு. உத்தரப்பிரதேச மின்வாரிய ஊழியரின் வைப்பு நிதி கதையை அவர்கள் நினைக்கட்டும். அது தனியார் பங்கன்று; ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் போட்ட வைப்பு. ஊழியர் அறியாமல் 4,100 கோடிக்கு மேல் போட்டார்கள். 2019-இல் 2,200 கோடிக்கு மேல் சிக்கிக்கொண்டது. வேலையைப் புறக்கணித்து வீதிக்கு வந்த பிறகே அரசு பொறுப்பேற்க முன்வந்தது. விதியில் சிறு துளை விட்டால், அதன் வழியே யார் எதை எடுத்துச் செல்வார் என்பதைப் பணத்துக்குரியவன் கடைசியில்தான் அறிகிறான்.

வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பேரால் பத்து இடம் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் இவ்விடயத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதைத் தம் உறுப்பினருக்கு எழுதி அறிவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்துச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றட்டும். தனி வைப்பு நிதி அறக்கட்டளை வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை செய்வோர், அதன் முதலீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கட்டும்.

ஸ்ரீமதுரையின் சிறு விவசாயிக்கும், பணியர் குடியிருப்பின் நாட்கூலியாளுக்கும் வைப்பு நிதி என்ற ஒன்றே இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அது வேறொரு ஞாயிறுக்குரிய வழக்கு. இன்றைக்குப் பெரியவரின் கேள்விதான். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது இந்தத் தாளைக் கையோடு கொண்டுபோகிறேன். அட்டனிலிருக்கும் தங்கைக்கு அவரே தொலைபேசியில் படித்துக் காட்டட்டும். ஓட்டல் திறந்தார்களா என்பதை அந்த அம்மையாரிடம் அவர் விசாரித்துச் சொல்லட்டும்.